திருப்பிக் கொடுத்த யானை

என் பீரோவின் உள்ளறையில், ரேஷன் கார்டும் மகளின் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்புக் கயிறு இருக்கிறது. குழந்தைகளின் இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிற்றில் மீந்துபோன துண்டு. ஒரு முழம் இருந்தால் அதிகம். போன மாதம் வரை அதில் இரண்டு முடிச்சுகள்தான் இருந்தன. ஒரு நுனியிலிருந்து முதல் முடிச்சு வரை என் மகளின் கை நீளம், தோளிலிருந்து உள்ளங்கை வரை. இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் அடுத்த முடிச்சு வரை அவளுடைய கால் நீளம், குதிகாலிலிருந்து தொடை இடுக்கு வரை. இரண்டு வயது மூன்று மாதத்தில் அவள் அவ்வளவுதான் இருந்தாள். முடிச்சுகளைப் போட்டவர் என் அண்ணன். ஆறு வருடம் அந்தக் கயிற்றை நான் யாருக்கும் காட்டவில்லை. வேறு எதையாவது தேடும்போது கையில் தட்டுப்பட்டால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். யார் மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே சொல்வேன். அந்த வரிசையில் முதலில் நிற்பது யார் என்பதை ஆறு வருடம் மறைத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். மில்லில் ஃபிட்டராக இருந்தார். மில்லில் ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, முத்தியால்பேட்டையில் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தார். அவர் வீடு சாரம் என்ற பகுதியில். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்து, பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்துவிட்டுத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துத்தான் மகள் பிறந்தாள். அந்தப் பதினோரு வருடத்தில் என் புகுந்த வீட்டிலும் எங்கள் தெருவிலும் நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் மகளுக்குக் காது குத்துவது என்று முடிவானபோது, அது எனக்குக் குழந்தையின் காதுகுத்தாக மட்டும் இருக்கவில்லை. அத்தனை பேருக்கும் நான் சொல்லாமல் வைத்திருந்த பதிலாகவும் அதை நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

காதுகுத்தில் தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கத்தில் தெருமுனையிலிருந்து மேளத்தோடு தட்டுகளைத் தூக்கி வருவார்கள். பழம், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, வாழைத்தார் எல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த வருடங்களில் அதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. கார், ஜீப், மோட்டார் சைக்கிள், எதுவானாலும் சீர் வரிசைக்கு முன்னால் அதை ஒருவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வருவார். தெரு அதைத்தான் பார்க்கும். அண்ணனிடம் நான் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. அவராகவே, "பாப்பாவுக்கு ஒரு வண்டி வாங்கணும்" என்றார்.

காதுகுத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்திருந்தார். மகளுக்குப் பழைய அரைஞாண் கயிறு இறுக்கமாகிவிட்டதென்று புதிதாக வாங்கி வந்து கட்டிவிட்டார். அவள் பாயில் தூங்கிப்போனாள். மீந்த கயிற்றைத் தூக்கிப் போடாமல், தூங்குகிறவளின் குதிகாலில் ஒரு நுனியை வைத்து மேலே நீட்டி அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு கையை அளந்து இன்னொன்று. ஒர்க்ஷாப்பில் எத்தனையோ வண்டிக்கு சங்கிலி மாட்டிய அந்தத் தடித்த விரல்கள், அவள் விழித்துவிடக்கூடாதென்று மூச்சுப் பிடித்ததைப்போல் மெதுவாக நகர்ந்தன. "சட்டைக்குத்தான அளவு எடுப்பாங்க, வண்டிக்குமா?" என்று நான் கேட்டேன். "சட்ட பெருசா இருந்தா மடிச்சி வுட்டுக்கலாம். வண்டிய மடிக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒக்காந்தா முட்டி மடங்கணும். ரெண்டு பாதமும் தரையில படிஞ்சி இருக்கணும். நுனிக்கால்ல எட்டிப் புடிச்சிக்கினு இருந்தா அதுக்குப் பேரு சவாரி இல்ல, தொங்கறது." கைக்கு எதற்கு அளவு என்றால், கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது குழந்தை முன்னால் கவிழக்கூடாதாம். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் எத்தனை குழந்தைகளுக்கு இந்த வண்டிகளை வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவராவது குழந்தையின் காலை அளந்துகொண்டு கடைக்குப் போயிருப்பாரா என்று தெரியவில்லை.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வாங்கியதை எடுத்து வந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு யானை. முதுகில் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தி உந்திப் போகவேண்டும். பேட்டரி இல்லை, பாட்டு இல்லை, விளக்கு இல்லை. நான்கு சக்கரமும் யானையின் வயிற்றைவிட அகலமாக வெளியே தள்ளி நின்றன. என் முன்னாலேயே யானையின் காதைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். பாதி சாய்ந்தும் விழவில்லை, திரும்பி வந்து நின்றது. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். உள்ளே எதுவும் ஆடவில்லை. கடையிலும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாராம். கடைப்பையன்கள் ஓடிவந்து, "அண்ணே, இது மெக்கானிக் ஷெட்டு இல்ல" என்றார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகளைத் தூக்கி உட்கார வைத்தார். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. அவள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். ஒரு உந்து உந்தினாள். கூடத்திலிருந்து சமையல்கட்டு வரை போய், அடுப்பு மேடையில் யானையின் தும்பிக்கை முட்டியதும், காலாலேயே பின்னுக்குத் தள்ளித் திரும்பி வந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. "ஆன, ஆன" என்று அவள் சொன்னபோது அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நிறைவு இருந்தது.

அப்போது என் நாத்தனாரும் எங்கள் வீட்டில் இருந்தார். என் கணவரின் அக்கா. காதுகுத்து வேலைகளைப் பேச வந்திருந்தவர். யானையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இன்னா தம்பி, இத தட்டுல வெச்சி எடுத்தாருவீங்களா, இல்ல இடுப்புல தூக்கிக்கினு வருவீங்களா?" என்றார். என் கணவர் சிரித்தார். "பதினொரு வருஷம் கழிச்சிப் பொறந்தவ. மாமன் சீருன்னு தெருவே பாக்கும். யானையத்தான் கொண்டாறீங்க, நெஜ யானையாவே கொண்டாந்துருக்கலாம்" என்றார் நாத்தனார் மறுபடியும். இந்த முறை நானும் சிரித்தேன். கேலிக்குச் சிரிக்காமல் இருந்தால் சண்டையாகிவிடும் என்று சிரித்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனும் சிரித்தபடியே, கலர் பேப்பர் சுற்ற வேண்டுமென்று யானையை எடுத்துக்கொண்டு போனார். மகள் வாசல் வரை அழுதுகொண்டே பின்னால் போனாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தேன். அவரைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருந்தேன். பின்னால் ஒரு வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, அதனால் நான் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது. "அண்ணே, அந்த யானைய மாத்திடுண்ணே. பேட்டரி பைக்கு இருக்குதில்ல, செவப்பு கலர்ல, அது மாரி எடு. இத வெச்சா இங்க எல்லாரும் சிரிப்பாங்க."

அங்கே யாரிடமோ எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு அவர், "அது பாப்பாவுக்கு ஒசரம்மா. கால் எட்டாது" என்றார்.

"வளர்ற புள்ளதான. ஒரு வருஷத்துல எட்டிடும்."

"புள்ளைக்குத்தான வாங்கறோம்?"

"புள்ளைக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை எந்தத் தண்ணீரைக் கொண்டு கழுவுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அண்ணன் "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நாம் குழந்தைக்கு வண்டி வாங்குகிற விதத்தைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு நேராக இருப்பதைப் பார்க்கிறோம். நிறம் பார்க்கிறோம், விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறோம், எத்தனை பாட்டுப் பாடும் என்று கேட்கிறோம். பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைப்பதைப்போல வண்டியையும் இரண்டு வருடம் பெரிதாக வாங்கினால் லாபம் என்று நினைக்கிறோம். பெட்டியின் ஓரத்தில் எந்த வயதுக்கு என்று அச்சடித்திருப்பதை நம் பிள்ளைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. என் பிள்ளை கெட்டிக்காரி, அவளுக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று நினைக்கிறோம். அண்ணன் மாற்றி வாங்கி வந்த பைக்கின் பெட்டியிலும் அச்சடித்திருந்தது. நான் படித்தவள். படித்தேன். படித்துவிட்டுப் பெட்டியை மடித்துப் பரணில் போட்டேன், பிறகு ஏதாவது வைத்துக்கொள்ள உதவும் என்று.

காதுகுத்து அன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தோம். தட்டு வரிசைக்கு முன்னால் சிவப்பு மோட்டார் சைக்கிளை ஒருவர் தூக்கி வந்தார். நான் எதிர்பார்த்ததைப்போலவே எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நாத்தனார், "இது சீரு" என்றார். என் முதுகு நிமிர்ந்தது. வண்டியைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இது மேல பாப்பாவ இப்ப ஏத்தாத. அடுத்த வருஷம் நானே வந்து சீட்ட எறக்கி, பக்கத்து சக்கரத்த அகட்டித் தரேன். அதுவரைக்கும் சும்மா நிக்கட்டும்." சொல்லிக்கொண்டே சீட்டின் மேல் கம்பெனியிலிருந்து சுற்றி வந்திருந்த வழவழப்பான பாலிதீன் கவரைக் கிழிக்கப் போனார். "இது மொதல்ல போவணும், வழுக்கும்." நாத்தனார் அவர் கையைத் தடுத்தார். "இருக்கட்டும் தம்பி. புதுசு அழுக்காயிடும். நாலு பேரு பாக்க வாணாமா?" எங்கள் வீட்டில் எந்தப் புதுப்பொருளின் கவரையும் யாரும் கிழித்ததில்லை. டி.வி. ரிமோட்டுக்குக் கவர், நாற்காலிக்குக் கவர், என் கணவரின் மொபட் சீட்டில்கூட ஒரு வருடம் கவர் இருந்தது. அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். பிறகு பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, ஆசாரி ஊசியை எடுத்தபோது அவள் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். அவள் அழுதாள். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

பந்தி நடந்துகொண்டிருந்தது. தயிர் தீர்ந்துவிட்டதென்று அண்ணன் வாங்கி வரப் போனார். அந்த நேரத்தில் வீடியோக்காரர், "பாப்பா பைக்கு ஓட்டற மாதிரி ஒரு ஷாட் எடுத்துடலாமா?" என்று கேட்டார். வண்டியைத் தெருவுக்கு எடுத்து வந்தார்கள். யாரோ கழற்றிய மாலை ஒன்றை ஹேண்டில்பாரில் போட்டார்கள். என் கணவர் வேடிக்கையாக, "புது வண்டிக்குப் பூஜை போடாம ஓட்டலாமா?" என்று சொல்லி உள்ளே போய் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார். நிஜ வண்டிக்கு வைப்பதைப்போலச் சக்கரத்தின் கீழே வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டுப்பாவாடை கட்டியிருந்த மகளை அந்த பாலிதீன் கவரின் மேல் உட்கார வைத்தார்கள். அவளுடைய கால்கள் இரண்டும் அந்தரத்தில் ஆடின. காதில் புதுக் கம்மல், அதன் ஓரத்தில் இன்னும் காயாத ரத்தம். பத்தடி தள்ளி, காமிராவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். இரண்டு கையையும் நீட்டி, "அம்மாகிட்ட வா, வா" என்று கூப்பிட்டேன். கணவர் சுவிட்சை அழுத்தினார்.

முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது. நிஜ வண்டியின் கனம் அதற்கு ஏது? பழம் நசுங்கவில்லை, உருண்டது. வண்டி ஒரு பக்கமாகத் துள்ளியது. அவள் கவரின் மேல் வழுக்கிப் போனாள். வாசலுக்கு முன்னால் வாய்க்காலை மூடியிருந்த கல்லின் விளிம்பு இருந்தது. பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. விழுந்து கிடந்த வண்டியின் சக்கரம் சுற்றிக்கொண்டும் பாட்டு ஓடிக்கொண்டும் இருந்தன.

அண்ணன் தெருமுனையில் திரும்பும்போதே கூட்டத்தைப் பார்த்துவிட்டார். தயிர் வாளியைத் தெருவிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து மகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆட்டோவில் அவள் நெற்றியைத் தன் வெள்ளைச் சட்டையால் அழுத்திப் பிடித்தபடி வந்தார். நெற்றி பிளந்திருந்தது, காறை எலும்பு முறிந்திருந்தது. அதையெல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று மணி நேரம் அவள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்குள் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். "இத்தினி சின்னப் புள்ளைக்கு அந்த வண்டிய எப்பிடித்தான் வாங்கியாற மனசு வந்துச்சோ" என்று நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"உன்ன யாரு இத வாங்கியாரச் சொன்னா?" என்று கேட்டேன்.

அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. "நீதான்" என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை, அநியாயமில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர் சட்டையெல்லாம் என் மகளின் ரத்தத்தோடு நின்றுகொண்டு, "பாப்பா கண்ணு முழிச்சிச்சா, அத மட்டும் கேட்டு சொல்லும்மா" என்றார்.

மாலை நான்கு மணிக்கு அவள் கண் விழித்தாள். தொண்டை வறண்டு, முதலில் தண்ணீர் கேட்டாள். இரண்டாவதாக, "ஆன எங்க?" என்று கேட்டாள். யாருக்கும் புரியவில்லை, உளறுகிறாள் என்று நர்ஸ் சொன்னார். எனக்குப் புரிந்தது. தண்ணீர் டம்ளரை மறுபடியும் அவள் வாயில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் தன்னுடையதை ஒரு பையில் சுருட்டி வைத்திருந்தார். அந்தப் பை எங்கள் துணிகளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நான்கு நாள் கழித்துத் துவைக்க எடுத்தபோது சட்டைப் பையில் கயிறு இருந்தது. பைக்கை வாங்கும்போதும் அதைக் கடைக்கு எடுத்துப்போயிருக்கிறார். காதுகுத்து அன்றும் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். கறை போகவில்லை, சட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் என்னால் முடியவில்லை. கயிற்றை மட்டும் எடுத்து வைத்தேன். பைக்கைக் கணவர் மறுவாரமே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். காதுகுத்து வீடியோவின் சி.டி. இரண்டு மாதம் கழித்து வந்தது. ஒரே ஒரு முறை, வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தேன். மாலை போட்ட பைக், எலுமிச்சம்பழம், கைதட்டல், "அம்மாகிட்ட வா" என்ற என் குரல். வீடியோக்காரர் அதோடு வெட்டி, ஒரு தாமரை மெதுவாக மலர்கிற படத்தை ஒட்டி, 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதி முடித்திருந்தார். அந்தத் தாமரையைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தில் சி.டி.யை இரண்டாக உடைத்தேன். அந்த ஆளின் மேல் என்ன தப்பு? அவர் தன் வேலையைச் செய்தார். நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன், வேண்டாத இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது, வண்டி கொண்டுவந்த மாமன். என் நாத்தனார் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு ஆறு நாள் தரையில் படுத்திருந்தார். ஆனால் யார் வந்தாலும் கதையை அவர்தான் சொல்வார், "அவ அண்ணன் கொண்டாந்த வண்டி" என்றே தொடங்குவார். நான் காபி ஆற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு வரிசைப் பணத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நான் அவர் வீட்டுக்குப் போவேன், மகளைக் கூட்டிக்கொண்டு போவேன், அவர் அவளைத் தூக்கிக்கொள்வார். எதைப்பற்றியும் பேசமாட்டோம். நாற்பதைத் தாண்டி அவருக்குக் கல்யாணமானது. போன வருடம் ஒரு பையன் பிறந்தான். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. சைக்கிள் வேண்டாம் என்கிறாள். மொபட்டில் ஏற மாட்டாள், பள்ளிக்கு நடந்துதான் போகிறாள். மழையிலும் நடக்கிறாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அவளைத் தாண்டி மணியடித்துக்கொண்டு போவதை வாசலில் நின்று தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் அண்ணன் மகனுடைய காதுகுத்துக்கு அழைப்பு வந்தது. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அத்தை முறைக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டுமே என்றார் கணவர். "அவுரு கொண்டாந்தாரே, அது மாரி ஒரு பைக்க வாங்கிக் குடுத்துரு, அவுங்களுக்கும் தெரியட்டும்" என்றார் நாத்தனார். சிரிப்புக்காகச் சொன்னதுதான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து நின்றேன்.

"அண்ணி, அந்த பைக்க நாந்தான் கேட்டேன். அண்ணன் யானையத்தான் வாங்கியாந்துச்சி. நீங்க பாத்தீங்க. நாந்தான் போன் பண்ணி மாத்தச் சொன்னேன். கால் எட்டாதுன்னு அது சொல்லிச்சி, நாந்தான் கேக்கல."

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் குரல் நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனது. "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? ஆறு வருஷமா என் வாயால அந்த மனுஷன பேச வெச்சிக்கினு, பக்கத்துல நின்னு காபி ஆத்தியிருக்கியே. நான் சிரிச்சேன், ஒத்துக்கறேன். நீ இன்னா பண்ண?" என்றார். பத்திரிகையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மேல் ஆறு வருடம் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்துக்கு அன்று உட்கார இடமில்லாமல் போயிற்று.

மகள் வீட்டுப்பாட நோட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். "மாமா எனக்கு யானையா வாங்கினாரு?" என்று கேட்டாள்.

"ஆமா. மஞ்ச யானை. நீ ஓட்டுன."

"நானா?"

"இங்கிருந்து சமையல்கட்டு வரைக்கும். திரும்பியும் வந்த."

கொஞ்சம் யோசித்து, "விழுந்தேனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சமையல்கட்டையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றை எடுத்துக்கொண்டு சாரத்துக்குப் போனேன். அண்ணன் கைலியோடு உட்கார்ந்து பையனுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். "வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ணே, பைக்க நாந்தான் கேட்டேன்னு" என்றேன். "அது இன்னாத்துக்கு இப்ப?" என்று பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனால் அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்தார். "எந்த பைக்கு? பாப்பா விழுந்ததா? அத நீங்களா கேட்டீங்க?" அவருக்கும் தெரியாது. கட்டிய மனைவியிடம்கூட அண்ணன் சொல்லவில்லை. "இவருக்கு வண்டி தேர்ந்தெடுக்கத் தெரியாது, இவர நம்பக்கூடாதுன்னுதான் எம்புள்ளைக்கு ஒரு நடவண்டிகூட வாங்க வுடல நானு. இவரு ஆசப்பட்டுக் கேட்டாரு. நான் வாணாம்னுட்டேன்." அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவள்தான். தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அந்த வீட்டில் அது மிகச் சின்னதாகத் தெரிந்தது.

கயிற்றை எடுத்து நீட்டினேன். அண்ணன் உடனே வாங்கவில்லை. அதன் இரண்டு முடிச்சுகளையும் பார்த்தார். "இது உங்கிட்டயா இருக்குது" என்றார். கைலியில் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பழக்கத்தில் ஒரு முடிச்சை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தார். ஆறு வருடத்தில் அது கல்லைப்போல் இறுகியிருந்தது. விட்டுவிட்டு, பையனை நிற்க வைத்தார். குதிகாலில் நுனியை வைத்து அளந்து, பழைய முடிச்சுகளுக்கு மூன்று விரற்கடை முன்னால் இன்னொரு முடிச்சுப் போட்டார். என் கையில் கொடுத்தார். "எடுத்து வை. வளருவான். அடுத்த வருஷம் மறுபடியும் அளக்கணும்."

நேற்று மாலை அண்ணன் மகனுக்கு வண்டி வாங்க நேரு வீதியில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். மகளும் வந்தாள். உள்ளே வரிசையாகச் சக்கரங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். கடைக்காரர் ஒரு ஜீப்பை இறக்கி, பொத்தானை அழுத்திப் பாட்டுப் போட்டுக் காட்டினார். பாட்டை நிறுத்தச் சொன்னேன். மேல் தட்டில் ஒரு நீல நிற யானை இருந்தது. ஒரு வயதுப் பையனின் காதுகுத்துக்கு என்று சொல்லி அதைக் கேட்டேன். "ஒரு வயசுப் பையனா? வளர்ற புள்ளதான மேடம், காதுகுத்து சீருன்னா பெருசா எடுங்க. இத வெச்சா எடுப்பா இருக்காதே" என்றார். நான் யானையின் முதுகில் ஒட்டியிருந்த பாலிதீன் கவரைக் கிழித்தேன். தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினேன். பிறகு கடை நடுவில், நாலு பேர் பார்க்க, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். கடையில் இருந்த ஒரு அம்மாள் சிரித்தார், கடைக்காரரும் சிரித்தார். கயிற்றின் நுனியைத் தரையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் முட்டி மடங்குகிற மாதிரி யானையின் முதுகு புதிய முடிச்சுக்கு மூன்று விரல் கீழே இருக்கிறதா என்று பார்த்தேன்.